ஒரே திண்ணை: புளியும் மடிக்கணினியும்

'வீட்டிலிருந்து வேலை' என்பதை 2020-இல் பெருந்தொற்று கொண்டுவந்த புதுமையாக எழுதுகிறவர்கள் மாசி, பங்குனி மாதங்களில் தருமபுரி மாவட்டத்தின் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஒரு நடை வந்து பார்க்கலாம். புளி வியாபாரி மரத்தைக் குத்தகைக்கு எடுத்து, உலுக்கி, மூட்டை கட்டி, வீடு வீடாக இறக்கிவிட்டுப் போகிறார். பெண்கள் ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுத்து, சுளையைத் தனியாக்கிக் கொடுக்கிறார்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. மாமியார், மருமகள், பள்ளிக்கூடம் விட்டு வந்த பெண் குழந்தை என்று எத்தனை கைகள் உட்கார்ந்தாலும் கூலி கிலோவுக்குத்தான், கைகளுக்கு இல்லை. உட்கார இடம், நிழல், சாக்கு, துடைப்பம், ராத்திரி எரியும் விளக்கு எல்லாம் வீட்டுக்காரியுடையவை. நேரக் கட்டுப்பாடு கிடையாது, மேற்பார்வையாளர் கிடையாது. சோறு பொங்கும்போது எழுந்து போகலாம், குழந்தை அழுதால் எழுந்து போகலாம். இன்றைய மனிதவளத் துறைகள் 'நெகிழ்வு' என்று எதையெல்லாம் விளம்பரம் செய்கின்றனவோ அதெல்லாம் இந்தத் திண்ணையில் எப்போதோ வந்துவிட்டது. பி.எஃப் மட்டும் வரவில்லை.

இந்த இரண்டு வேலைகளுக்கும் தமிழில் இரண்டு பெயர்கள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். மடிக்கணினி வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவர் 'வொர்க் ஃப்ரம் ஹோம்ல இருக்கார்'. புளி தட்டுகிறவள் 'வீட்டுல சும்மாதான் இருக்கா, சும்மா இருக்கிற நேரத்துல ஏதோ பண்றா'. இந்தச் 'சும்மா' என்ற சொல்லுக்குள் ஒரு முழுப் பொருளாதாரமே ஒளிந்திருக்கிறது. சும்மா இருக்கும் நேரத்தின் வேலைக்குச் சும்மாவுக்குப் பக்கத்தில் கூலி கொடுத்தால் போதும் என்பது அதன் கணக்கு. அந்தச் சொல் மெல்ல மெல்ல மடிக்கணினிப் பக்கமும் நகர்கிறது, மடிக்கணினியின் முன்னால் இருப்பவள் பெண்ணாக இருந்தால். 'வீட்டுலதானே இருக்கே, கேஸ் சிலிண்டர்காரன் வந்தா கதவைத் திற' என்ற வாக்கியத்தை எந்தக் கணவரிடமாவது யாராவது சொல்லியிருக்கிறார்களா?

இந்தக் கணக்கை நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் விரித்துக் காட்டிவிட்டார். ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் ஆந்திராவின் நர்சாபூர் வட்டாரத்தில் லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி 1982-இல் வெளியிட்ட நூல் அது. அந்த லேஸ் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போனது, ஏற்றுமதியாளர்கள் செழித்தார்கள். பின்னிய பெண்களை யாரும் தொழிலாளிகள் என்று எண்ணவில்லை. ஓய்வு நேரத்தை வீணாக்காத இல்லத்தரசிகள் என்றே எண்ணினார்கள், அந்தப் பெண்களும் உட்பட. மீஸின் நூலில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது சாதி பற்றிய பகுதி. வயல் வேலைக்குப் போன தலித் பெண்கள் கூலியாக அதிகம் சம்பாதித்தார்கள். வீட்டுக்குள் இருந்து லேஸ் பின்னிய சாதிப் பெண்களுக்குக் கூலி குறைவு, ஆனால் 'வெளியே போகாதவள்' என்ற கௌரவம் உண்டு. கூலியில் விழுந்த பள்ளத்தைக் கௌரவத்தால் நிரப்பினார்கள். அந்தக் கௌரவத்தை அனுபவித்தது குடும்பம். பள்ளத்தின் லாபத்தை எடுத்தது ஏற்றுமதியாளர். நமது ஊரின் புளித் திண்ணைக்கும் மடிக்கணினி மேசைக்கும் இதைவிடப் பொருத்தமான கண்ணாடி எனக்குத் தெரியவில்லை.

மடிக்கணினி இந்தப் பக்கத்துக்குத் திடீரென்று வந்து இறங்கவில்லை. 2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் மாவட்ட நிர்வாகமே முன்னின்று கிராமத்து பி.பி.ஓ. தொடங்கிப் பார்த்தது. 2010-இல் தமிழக அரசு ஊரக பி.பி.ஓ.க்களுக்கென ஒரு கொள்கையே வெளியிட்டது. 2008-இல் தொடங்கிய நெக்ஸ்ட்வெல்த் போன்ற நிறுவனங்கள் சேலம், மல்லசமுத்திரம் என்று சிற்றூர்களை நோக்கி வந்தன. 2024 செப்டம்பரில் சேலத்தில் நியோ டைடல் பூங்கா திறந்தார்கள். இவையெல்லாம் வேலையை ஊருக்குக் கொண்டுவந்த முயற்சிகள்; குறைகள் எத்தனை இருந்தாலும், ஒரு பெண் காலையில் தலை வாரி, செருப்பு மாட்டி, வாசலைத் தாண்டி வேறொரு கட்டடத்துக்குப் போனாள். ஒன்றிய தொலைத்தொடர்புத் துறை 2020 நவம்பரில் பி.பி.ஓ.க்களுக்கான விதிகளைத் தளர்த்தியபோது அந்தக் கட்டடமும் தேவையில்லை என்றாயிற்று. வேலை ஊருக்கு வந்தது ஒரு கட்டம். வேலை வீட்டுக்குள் நுழைந்தது வேறொரு கட்டம். இரண்டையும் ஒரே மூச்சில் 'தொலைதூர வேலையின் வளர்ச்சி' என்று புகழ்வதில்தான் கோளாறு ஆரம்பிக்கிறது.

வீட்டிலிருந்து வேலை செய்தால் உற்பத்தி கூடும் என்பதற்கு எல்லோரும் காட்டும் ஆதாரம் சீனாவில் சீ-ட்ரிப் என்ற பயண முன்பதிவு நிறுவனத்தில் 2010-இன் கடைசியில் தொடங்கி ஒன்பது மாதம் நடந்த சோதனை. நிக்கோலஸ் புளூமும் அவர் குழுவும் 2015-இல் வெளியிட்ட அந்த ஆய்வின்படி வீட்டிலிருந்தவர்களின் செயல்திறன் 13 சதவீதம் கூடியது. கட்டுரைகளில் இந்த 13 மட்டும் மேற்கோளாக வரும். சோதனையில் சேர ஒரு தகுதி இருந்தது என்பது வராது: வேலை நேரத்தில் தனக்கென்று தனியே ஓர் அறை இருக்க வேண்டும். முன்வந்த ஐந்நூற்றுச் சொச்சம் பேரில் தகுதி பெற்றவர்கள் பாதிப் பேர்தான். அதே அளவு செயல்திறன் காட்டியவர்களோடு ஒப்பிட்டால் வீட்டிலிருந்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைந்தது என்பதும், சோதனை முடிந்து விருப்பம் கேட்டபோது வீட்டிலிருந்தவர்களில் பாதிப் பேர் அலுவலகத்துக்கே திரும்பினார்கள் என்பதும்கூட அதே ஆய்வில்தான் இருக்கின்றன.

தனக்கென்று ஓர் அறை என்றதும் வர்ஜீனியா வுல்ஃப் 1929-இல் கேட்டது நினைவுக்கு வரும். அவர் கேட்டது பெண் எழுதுவதற்கு. நூறு ஆண்டுகள் ஆகப்போகும் நேரத்தில் அதே அறையை முதலாளி கேட்கிறார், வாடகை தராமல். அரூர் பக்கத்துத் தொகுப்பு வீட்டில் அந்த அறை எங்கே இருக்கிறது? ஒரு கூடம், ஒரு சமையலறை, முன்னால் ஒரு திண்ணை. அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதையைப் படித்தவர்களுக்கு மூலை என்ற சொல்லின் கனம் தெரியும்: ஒரு பெரிய வீட்டின் கோடியில் இருளோடு தள்ளி வைத்த அறை, ஆனால் பெண்களின் அதிகாரமும் அடிமைத்தனமும் சேர்ந்து வேகும் இடம். இப்போது அலுவலகமும் ஒரு மூலைக்கு வந்திருக்கிறது. கணவனுக்கும் மனைவிக்கும் இருவருக்கும் வீட்டிலிருந்து வேலை என்றால் கதவு இருக்கிற அறை யாருக்குப் போகிறது, சமையலறை மேடையோரம் யாருக்குப் போகிறது என்று கேட்டால் போதும். ஆய்வு வேண்டாம்.

ஆய்வும் இருக்கிறது, வேண்டுமானால். ஒன்றிய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019-இல் நடந்தபோது, கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்கு 299 நிமிடம் செலவிட்டாள். ஈடுபடும் ஆண் 97 நிமிடம். 2024 கணக்கெடுப்பில் பெண்ணுக்கு 289, ஆணுக்கு 88. நடுவில் ஒரு பெருந்தொற்று, ஒரு ஊரடங்கு, கோடிக்கணக்கான ஆண்கள் மாதக்கணக்கில் வீட்டிலேயே இருந்த காலம். வீட்டில் இருந்தால் ஆண் வீட்டு வேலை பழகுவான் என்று 2020-இல் சிலர் நம்பிக்கையோடு எழுதினார்கள். ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது.

பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை 2023-இல் பெற்ற கிளாடியா கோல்டினின் வாதத்தை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் நெகிழ்வு வேலைக்கான பெண்ணிய நியாயம் அவரிடமிருந்துதான் எடுக்கப்படுகிறது. அவர் 'பேராசை வேலைகள்' என்று சில வேலைகளைச் சொல்கிறார். நள்ளிரவில் கூப்பிட்டாலும் ஓட வேண்டிய, நீண்ட நேரத்துக்கு அளவுக்கு மீறிச் சம்பளம் தரும் வேலைகள். குடும்பத்தில் ஒருவர் அதை எடுத்தால் இன்னொருவர் நெகிழ்வான, சம்பளம் குறைந்த வேலையை எடுக்க வேண்டும். அந்த இன்னொருவர் பெரும்பாலும் மனைவி. ஆகவே நெகிழ்வுக்குக் கொடுக்கும் விலையைக் குறைக்க வேண்டும், இரண்டு மணி நேர வேலைக்கு ஒரு மணி நேரத்தின் சரியாக இரு மடங்கு கிடைக்க வேண்டும், அப்போது ஊதிய இடைவெளி சுருங்கும் என்கிறார். அமெரிக்க மருந்தாளுநர் தொழிலை அதற்கு உதாரணமாகக் காட்டுகிறார். அமெரிக்கப் பட்டதாரிப் பெண்களைப் பற்றிய வாதம் என்று அவரே எல்லை போட்டுக்கொள்கிறார். அந்த எல்லைக்குள் அது கூர்மையான வாதம்தான்.

எல்லையைத் தாண்டிக் கொண்டுவந்து பாப்பிரெட்டிப்பட்டித் திண்ணையில் வைத்தால் என்ன ஆகிறது? புளிக்கான கூலி அவர் கேட்ட நேர்கோட்டிலேயே இருக்கிறது. ஒரு கிலோவுக்கு ஒரு பங்கு, பத்துக் கிலோவுக்குச் சரியாகப் பத்துப் பங்கு. நடுவில் எழுந்து போனால் அபராதம் இல்லை. இரவு பதினொரு மணிக்குத் தட்டினாலும் காலையில் தட்டினாலும் அதே விலை. கோல்டினின் சூத்திரப்படி பார்த்தால் சமத்துவத்துக்கு மிக அருகில் இருக்கும் தொழில் இதுதான்! துண்டுக் கூலி எவ்வளவு நேர்கோட்டில் இருந்தாலும் அந்தக் கோடு எந்த உயரத்தில் தொடங்குகிறது என்பதை அந்தச் சூத்திரம் கேட்பதில்லை. கோட்டின் உயரத்தைத் தீர்மானிப்பது பேரம். பேரம் பேசப் பக்கத்தில் ஆள் வேண்டும். வீட்டுக்கு வீடு மூட்டை இறங்கும் தொழிலில் பக்கத்து வீட்டுக்காரிக்கு என்ன விலை சொன்னார்கள் என்பதுகூடச் சில நேரம் தெரியாது. இணையத்தில் படங்களுக்குக் குறிச்சொல் போடும் பெண்ணுக்குப் பக்கத்து வீட்டுக்காரி என்று ஒருத்தியே இல்லை.

சட்டங்கள் இந்த வீட்டை எப்படிப் பார்க்கின்றன என்று வாசிப்பது சுவாரசியமான வேலை. சட்டத்தையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம், அதில் வரும் பிரதிப்பெயர்கள் உட்பட. 1948-இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் பொருளை வெளியே வாங்கிப்போய்த் தன் வீட்டில் சுத்தம் செய்து, பதப்படுத்தித் தருபவரையும் சேர்த்தது. சுத்தம் செய்தல் என்ற சொல்லே அதில் இருந்தது. புளிக்குக் கொட்டை எடுப்பவளை மனதில் வைத்து எழுதியதுபோல. தொழில் அட்டவணையில் இடம்பெற்றால்தான் கூலி நிர்ணயம் என்ற தடை இருந்தது, அமலாக்கம் என்பது கனவாக இருந்தது, எல்லாம் சரி. ஆனால் கொள்கையளவில் அவள் கூலி கேட்கும் தகுதி கொண்ட தொழிலாளி. 2019-இன் ஊதியத் தொகுப்புச் சட்டத்தின் வரையறையில் அந்த வெளிப்பணியாளர் இல்லை. அவள் 2020-இன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் 'வீடுசார் தொழிலாளி' என்று வேறிடத்தில் தலைகாட்டுகிறாள். அதாவது கூலி கேட்பவள் நலத்திட்டம் கேட்பவளாகிவிட்டாள்.

அங்கேயும் ஒரு சின்ன விஷயம். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான 2008-ஆம் ஆண்டுச் சட்டம் இதே தொழிலாளியை வரையறுத்தபோது, ஆங்கிலத்தில், அவனது அல்லது அவளது வீடு என்று எழுதியது. 2020-இல் அதே வரையறை ஏறக்குறையச் சொல்லுக்குச் சொல் திரும்ப வருகிறது. 'அவளது' மட்டும் உதிர்ந்துவிட்டது. வீடுசார் உழைப்பு என்றாலே பெண் முகம் நினைவுக்கு வரும் நாட்டில் சட்டத்தின்படி அது அவனது வீடு, அவனது தெரிவு. ஒருவேளை பத்திர அலுவலகத்தில் விசாரித்துவிட்டு எழுதியிருப்பார்கள். வீடு யார் பெயரில் இருக்கிறது என்பதில் அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரிதான். தொகுப்புச் சட்டங்கள் நான்கும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டதாக ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது.

மேசைக்காரிக்கு வேறு சட்டம். 2017-இல் திருத்திய பேறுகாலப் பயன் சட்டம் விடுப்பை 26 வாரமாக்கியது, ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. கூடவே ஒரு பிரிவு: வேலையின் தன்மை இடம்கொடுத்தால், விடுப்பு முடிந்தபின், இருவரும் ஒத்துக்கொள்ளும் நிபந்தனைகளோடு முதலாளி வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதிக்கலாம். அனுமதிக்க வேண்டும் என்று இல்லை, அனுமதிக்கலாம். கைக்குழந்தையோடு ஒருத்தியும் நிறுவனமும் பேசி முடிக்கும் 'பரஸ்பர ஒப்புதல்' எப்படி இருக்கும் என்பது ஒருபக்கம். வீட்டிலிருந்து வேலை என்ற சொல் இந்தியத் தொழிலாளர் சட்டத்துக்குள் எந்த வாசல் வழியாக நுழைந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். அது தாய்மையின் வாசல் வழியாக வந்தது. தகப்பனுக்கு அந்தப் பிரிவில் இடமில்லை. குழந்தைக் காப்பகம் கட்ட வேண்டிய அதே சட்டத்தில் அதற்கு மாற்றாக அம்மாவின் மடி வைக்கப்பட்டிருக்கிறது.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் வீட்டுவேலைத் தொழிலாளர்களுக்காக 177-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. குஜராத்தின் சேவா அமைப்பு அதற்காகப் பல ஆண்டுகள் உழைத்தது. மற்றத் தொழிலாளர்களுக்குச் சமமாக நடத்த வேண்டும் என்பது அதன் சாரம். இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதிசெய்யவில்லை.

'நெகிழ்வு' என்ற சொல்லை யார் வாயிலிருந்து வருகிறது என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். 2023 ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் திருத்த மசோதா நிறைவேறியது. தினசரி வேலை பன்னிரண்டு மணி நேரம் வரை நீள வழி செய்த அதற்கு அமைச்சர்கள் சொன்ன பெயர் நெகிழ்வான வேலை நேரம். தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தபின் மூன்றே நாளில் நிறுத்திவைத்து, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். ஆலை என்று ஒன்று இருந்தது, வாயில் என்று ஒன்று இருந்தது, அதனால் எதிர்க்க முடிந்தது. வீட்டுக் கூடத்தில் வேலை நேரம் பன்னிரண்டு மணி நேரமானால் மசோதாவே தேவைப்படாது.

தருமபுரியில் இதற்கு இன்னொரு கூர்முனை உண்டு. 2012 நவம்பர் 7 அன்று ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைக் காரணமாக்கி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் தலித் மக்களின் வீடுகளை எரித்தார்கள். அதைத் தொடர்ந்த அரசியல் பிரச்சாரம் முழுவதும் பெண் எங்கே போகிறாள், யாரோடு பேசுகிறாள் என்பதைச் சுற்றியே நடந்தது. கல்லூரி, பேருந்து, கைபேசி என்று எல்லாமே சந்தேகத்துக்கு உரியவை. இப்படி ஒரு மண்ணில் 'பொண்ணு வீட்டுலேயே இருந்து சம்பாதிக்குது' என்பது எவ்வளவு வசதியான செய்தி! சம்பளமும் வருகிறது, கண்காணிப்பும் தளரவில்லை. நர்சாபூரில் மீஸ் பார்த்த கௌரவம் இங்கே வைஃபை வேகத்தில் திரும்பி வருகிறது. தொலைதூர வேலை சாதியைக் கண்டுபிடிக்கவில்லைதான். ஆனால் அகமணத்துக்கு அது ஒரு நல்ல பூட்டு.

அந்தப் பூட்டுக்கு எதிரே ஒரு பேருந்தை நிறுத்திப் பார்க்கிறேன். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பொருளாதாரத்தில் அதைப் பெண்களின் சேமிப்பு என்று கணக்கிடுகிறார்கள். எனக்கு அது பெண்களுக்கான உண்மையான நெகிழ்வுத் திட்டம் என்று தோன்றுகிறது: யாரிடமும் காசு கேட்காமல், எதற்கு என்று சொல்லாமல், பென்னாகரத்திலிருந்து தருமபுரிக்குப் போய் வரலாம். வெளியே போக ஒரு பெண்ணுக்கு நம் வீடுகளில் காரணம் வேண்டும். வேலை என்பது கேள்வி கேட்க முடியாத காரணம். அந்தக் காரணத்தைத்தான் வீட்டிலிருந்து வேலை அவளிடமிருந்து எடுத்துக்கொள்கிறது.

இதைச் சொல்லும்போது தோழிகள் சிலர் கோபப்படுவார்கள் என்று தெரியும். அவர்கள் கோபம் நியாயமானது. மாற்றுத்திறனாளிப் பெண்ணுக்குப் படிக்கட்டு ஏற வேண்டாம் என்பது சின்ன விஷயமில்லை. பெங்களூரு விடுதி வாடகையில் பாதிச் சம்பளத்தைக் கொட்டியவளுக்கு ஊரிலிருந்து அதே சம்பளம் வாங்குவது பெரிய விடுதலை. அலுவலகத்தில் சாதி விசாரிப்பையும் சில்மிஷத்தையும் சகித்தவளுக்குத் திரைக்குப் பின்னால் இருப்பது பாதுகாப்பு. படுத்திருக்கும் தாயை விட்டுப் போக முடியாதவளிடம் நான் மீஸைப் பற்றிப் பேசினால் அவள் சிரிப்பாள். நான் எதிர்ப்பது அவர்கள் தெரிவை அல்ல. தெரிவு என்ற சொல்லைச் சட்டமும் நிறுவனமும் பயன்படுத்தும் விதத்தை. மாற்று வழி இல்லாத இடத்தில் ஒன்றைச் செய்வதற்கு நம் பாட்டிமார் தெரிவு என்று பெயர் வைக்கவில்லை. 'வேற வழி?' என்று கேட்டார்கள்.

பெண்களுக்கான அரசுத் திட்டங்களுக்குத் தருமபுரி ஒரு பரிசோதனைக் களம். தமிழகத்தில் சுயஉதவிக் குழுத் திட்டம் 1989-இல் இந்த மாவட்டத்தில்தான் தொடங்கியது. மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்ப முகாமை முதல்வர் 2023 ஜூலையில் தொப்பூரில்தான் தொடங்கிவைத்தார். மாதம் ஆயிரம் ரூபாய் என்பது சொற்பம். ஆனால் அதை உதவித்தொகை என்று சொல்லாமல் உரிமைத் தொகை என்று சொன்னதில், வீட்டுக்குள் நடப்பது உழைப்பு என்று ஓர் அரசு ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதை அடுத்த படிக்கு நகர்த்தலாம். வீட்டுக்குள் நடக்கும் கூலியில்லா உழைப்பு உழைப்பு என்றால், வீட்டுக்குள் நடக்கும் கூலி உழைப்பு வேலைதானே? அந்த வீடு பணியிடம்தானே? பணியிடத்துக்கு மின்சாரம் யார் செலவு? வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம். அந்த இலவச மின்சாரத்தில் ஓடும் மடிக்கணினியின் லாபம் ஏதோ ஒரு நகரத்துக்குப் போகிறது. புளி மூட்டை உட்காரும் திண்ணைக்கு வியாபாரி வாடகை தந்ததுண்டா?

கிராம ஊராட்சிகளில் சேவை மையக் கட்டடங்கள் இருக்கின்றன. சில ஊர்களில் பூட்டியே கிடக்கின்றன. பக்கத்திலேயே அங்கன்வாடி இருக்கும் ஊர்கள் உண்டு. பூட்டைத் திறந்து, இணைய இணைப்பும் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறையும் கொடுத்தால் மேசைக்காரிக்கு வீட்டைத் தாண்டி நூறடி தூரத்தில் ஓர் அலுவலகம் கிடைக்கும். மாசி மாதம் வந்தால் அதே கட்டடத்தின் தாழ்வாரத்தில் முத்திரையிட்ட ஒரு தராசை வைக்கலாம். சுளை அங்கேதான் நிறுக்கப்பட வேண்டும், கூலி அங்கேதான் கொடுக்கப்பட வேண்டும் என்று மகளிர் குழுக்கள் முடிவெடுத்தால் யாருக்கு எந்த விலை என்பது அன்றைக்கே எல்லோருக்கும் தெரிந்துவிடும். வியாபாரிகள் முதல் வருடம் மூட்டையைப் பக்கத்து ஊரில் இறக்குவார்கள். பக்கத்து ஊர்க் குழுவோடு இப்போதே பேசி வைக்க வேண்டும்.